வந்த பிறகு கடன் வாங்குவதா, வருமுன் காப்பதா?

(மாதப் பாடம்: உடல்நலம். குழுக் கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம். நீளமாக இருப்பதால் இரண்டு கூட்டங்களுக்குப் பிரித்துக் கொள்ளுங்கள்.)



ஒரு குழுவின் கணக்கு நோட்டுகளைச் சரிபார்க்க உட்கார்ந்திருந்தோம். சேமிப்பு சரி. வங்கிப் புத்தகம் சரி. கடன் பேரேட்டைப் புரட்டினோம். கடன் வாங்கியதன் நோக்கம் என்று எழுதும் இடத்தில் "ஆடு வாங்க", "பிள்ளை படிப்பு", "வீடு மராமத்து" என்று இருந்தது. அதற்கு நடுவே "மருத்துவச் செலவு" என்று திரும்பத் திரும்ப வந்தது. எண்ணிப் பார்த்தோம். ஒரே வருடத்தில் ஏழு இடம்.

"என்னக்கா இது, இத்தனை பேருக்கு மருத்துவச் செலவா?" என்று ஊக்குநரிடம் கேட்டோம்.

"ஆமாம்மா. ஆடு வாங்குனவ ஆட்டை வித்து கட்டிடுறா. ஆஸ்பத்திரிக்கு வாங்குனவ எதை வித்து கட்டுவா?" என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்த மாதப் பாடத்தை இப்படி எழுதுகிறோம்.

ஐந்து ரூபாய் அபராதம்

அந்த ஏழு கடனில் ஒன்று 48 வயது அக்கா ஒருவருடையது. பெயர் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்பு ஊரில் நடந்த முகாமில் அவருக்கு ரத்த அழுத்தம், அதாவது பி.பி., 160/100 என்று காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் போட்டார். தலைவலி நின்றது. "தலைவலிதான் போயிருச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து அவ்வப்போது கிறுகிறுப்பு. இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. குழுவின் விதிப்படி ஒரு கூட்டத்துக்கு 5 ரூபாய் அபராதம் எழுதினார்கள். நாங்களும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம். "ஏன் வரலை, உடம்புக்கு என்ன?" என்று குழுவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒருநாள் விடியற்காலை மாட்டுத் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தபோது இடது கை நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. வீட்டில் காற்று கருப்பு என்று நினைத்து முதலில் மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இன்றைக்கு அந்த அக்கா கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. குழுவில் 20,000 ரூபாய் கடன். போதாமல் நகை அடகுக்குப் போனது. அதுவும் போதாமல் வெளியில் வட்டிக்கு வாங்கினார்கள்.

அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வேளை மாத்திரை. அது அரசு மருத்துவமனையில் இலவசம்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல இந்தக் கதையைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் நாங்களும் உண்டு. இனி ஒரு குழுவில் இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு

நமக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். போட்டுப் பார்ப்போம். வெளியில் 30,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,500 ரூபாய் வட்டி மட்டும். ஒரு வருடத்தில் 18,000 ரூபாய். அசல் அப்படியே இருக்கும். அதே பணத்தைக் குழுவில் இரண்டு வட்டிக்கு வாங்கினாலும் மாதம் 600 ரூபாய். இதோடு படுத்த நாளின் கூலி போகிறது. கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் கூலியும் போகிறது. பெரும்பாலும் அது வீட்டில் இருக்கும் பெண் பிள்ளை. அவள் படிப்பும் நிற்கிறது.

இந்தப் பக்கம் என்ன செலவு? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சர்க்கரை, ரத்தசோகை பார்க்கப் பணம் கிடையாது. போய்வர பஸ் செலவு, அரை நாள் வேலை. அவ்வளவுதான்.

பேசுங்கள்: உங்கள் குழுவின் கடன் பேரேட்டை இப்போதே எடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் "மருத்துவச் செலவு" எத்தனை? அதில் முன்கூட்டியே பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது எது?

ஏன் தள்ளிப் போடுகிறோம்?

கூட்டங்களில் இதைக் கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வருகிறது. "வேலை விட்டுப் போக முடியலை." "நல்லாத்தானே இருக்கேன்." "போனா எதாவது இருக்குன்னு சொல்லிடுவாங்க." "அவருக்குப் பார்க்கணும், பிள்ளைக்குப் பார்க்கணும், எனக்கு என்ன?"

மாடு ஒருநாள் தீவனம் தின்னவில்லை என்றால் மறுநாளே மருத்துவரைத் தேடிப் போகிறோம். நாம் பத்து நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் "பித்தம்" என்று விட்டுவிடுகிறோம். நம் உடம்பும் குடும்பத்தின் சொத்துதான். அதற்கும் பராமரிப்பு வேண்டும்.

பாடம் 1: சத்தம் போடாத இரண்டு நோய்கள்

பி.பி.யும் சர்க்கரையும் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால் இல்லை என்று நினைக்கிறோம். உள்ளே ரத்தக் குழாய், மூளை, இதயம், சிறுநீரகம், கண் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கப்படும். கறையான் அரித்த உத்திரம் மாதிரி. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், ஒருநாள் இறங்கிவிடும்.

30 வயது ஆன எல்லாரும் வருடத்துக்கு ஒரு முறையாவது இரண்டையும் பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் ஒவ்வொரு முறை செவிலியரிடம் போகும்போதும் பி.பி. பார்க்க வேண்டும்.

இந்த எண்களை நினைவில் வையுங்கள்:

பி.பி. 120/80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. 140/90 அல்லது அதற்கு மேலே இருந்தால் அதிகம். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக்கூடாது. வேறொரு நாளும் பார்க்க வேண்டும். நடந்து வந்த மூச்சோடு கையை நீட்டக்கூடாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பேசாமல், கையை மேசை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன்பு காப்பி, டீ வேண்டாம்.

சர்க்கரை, காலையில் வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருக்க வேண்டும். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. சாப்பாட்டையும் நடையையும் சரி செய்தால் இந்த நிலையிலேயே பலரால் நோயைத் தள்ளிப்போட முடியும். 126 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவர் மறுபடி பரிசோதித்து சர்க்கரை நோயை உறுதி செய்வார்.

மாத்திரை தொடங்கிய பிறகு எண் குறைந்தால், அது மாத்திரை வேலை செய்வதால் குறைந்தது. நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடவும் கூடாது.

அடுக்களையில் செய்யக்கூடியது:

உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? அடுத்த பாக்கெட் பிரிக்கும்போது தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாட்டில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். நான்கு பேருக்கு இரண்டு லிட்டர். பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

தையல் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி, தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கவனம் வேண்டும். களை எடுப்பு, நடவு, தண்ணீர் சுமப்பது எல்லாம் உடல் உழைப்புதான். ஆனால் பீடி சுற்றும், தையல் மிஷினில் உட்காரும், கடையில் இருக்கும் சகோதரிகள் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறீர்கள். நீங்கள் வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து போனால் பேச்சோடு பேச்சாக நடை முடிந்துவிடும்.

வெற்றிலையோடு புகையிலை போடும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் உடனே காட்டுங்கள்.

பாடம் 2: ரத்தசோகை என்பது சோம்பேறித்தனம் அல்ல

"எந்திரிச்சதும் அசதி. படி ஏறினா மூச்சு வாங்குது. எதுலயும் மனசு போகலை." இப்படிச் சொன்னால் வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். அது ரத்தசோகையாக இருக்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அப்படியென்றால் இருபது பேர் உள்ள குழுவில் பத்துப் பேருக்கு இருக்க வாய்ப்பு உண்டு. யார் அந்தப் பத்துப் பேர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும்.

ஹீமோகுளோபின் அளவு பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறையக்கூடாது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறையக்கூடாது. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காரணம் என்ன? இரும்புச்சத்து குறைந்த சாப்பாடு, மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம், வயிற்றில் கொக்கிப்புழு. நாங்கள் பார்த்த இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவது. குழம்பில் காய் இருக்காது, மீன் துண்டு இருக்காது, முட்டை இருக்காது. சமைத்தவளுக்கு வெறும் குழம்பும் சோறும். மகளையும் அப்படியே பழக்கிவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

முருங்கைக்கீரை, மற்ற கீரைகள், கம்பு, கேழ்வரகு, பயறு, நிலக்கடலை, வெல்லம், எள் எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கிறது. கறி, ஈரல், மீன், முட்டை சாப்பிடுபவர்கள் முடிந்தபோது சேர்த்துக் கொள்ளுங்கள். அசைவத்தில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சுலபமாகச் சேரும். கீரையில் உள்ளது சேர, கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா மாதிரி புளிப்பும் பழமும் வேண்டும். கீரை சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சத்து சேராது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் சாப்பிட்ட பிறகு போடுங்கள். டீயோடும் பாலோடும் போடாதீர்கள். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டல் இருந்தால் ராத்திரி படுக்கும் முன் போட்டுப் பாருங்கள். நிறுத்தாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். அளவு சரியான பிறகும் சில மாதம் தொடர வேண்டும். பூச்சி மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். கழிப்பறைக்கும் கொல்லைக்கும் வயலுக்கும் செருப்பு போட்டுப் போங்கள். கொக்கிப்புழு வெறும் கால் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது.

பாடம் 3: கூச்சத்தால் உயிர் போகக்கூடாது

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி உள்ளே தங்கி, கருப்பை வாயில் மாற்றம் ஏற்பட்டு, புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அந்தப் பத்து வருடம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதற்குள் கண்டுபிடித்தால் முழுதாகக் குணப்படுத்தலாம்.

30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ செய்வார். காடி போன்ற ஒரு திரவத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். வெட்டுவது, தைப்பது எதுவும் இல்லை. சில நிமிட வேலை. "கத்தி வைப்பாங்க" என்று பயந்து வராமலிருந்த சகோதரி ஒருவர், பார்த்துவிட்டு வந்து, "இவ்வளவுதானா? இதுக்கா மூணு வருசம் ஒளிஞ்சேன்?" என்று சிரித்தார்.

உறவுக்குப் பின் ரத்தம் பட்டால், மாதவிலக்கு அல்லாத நாளில் ரத்தம் பட்டால், தீட்டு நின்ற பிறகு மறுபடி ரத்தம் வந்தால், நாற்றமுள்ள வெள்ளை பட்டால் பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே போங்கள். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கிருமியைத் தடுக்கும் தடுப்பூசி உண்டு. உங்கள் பகுதியில் எங்கே போடுகிறார்கள் என்று செவிலியரிடம் கேளுங்கள்.

மார்பகத்தில் கட்டி, தோல் குழிவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, இவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். "வலிக்கலை, அதனால ஒண்ணும் இல்லை" என்று விடக்கூடாது. புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதே நேரம், கட்டி எல்லாம் புற்றும் இல்லை. பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று முக்கியம். வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று போன இடத்தில் "கருப்பையை எடுத்துவிடலாம்" என்று சொன்னால் உடனே கடன் வாங்கித் தலையாட்டாதீர்கள். வெள்ளைப்படுதல் பெரும்பாலும் மாத்திரையில் சரியாகும். அரசு மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். "ஏன் எடுக்கணும், வேறு வழி இல்லையா?" என்று கேட்பது நம் உரிமை.

பாடம் 4: வீட்டையும் வெளியையும் சுற்றி

கை: மலம் கழித்த பிறகு, பிள்ளைக்குக் கால் கழுவிய பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன், ஊட்டும் முன் சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் நனைப்பது கழுவுவது ஆகாது.

குடிதண்ணீர்: கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடுங்கள். மூடி வைத்து, பிடி வைத்த சொம்பால் மொண்டு குடியுங்கள்.

கொசு: டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. பகலில் கடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரத்தில் ஒரு நாள் தொட்டி, குடம், டிரம் எல்லாவற்றையும் காலி செய்து, உள்பக்கம் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வையுங்கள். தேய்க்காவிட்டால் முட்டை சுவரிலேயே ஒட்டியிருக்கும். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பானையைத் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

புகை: விறகு அடுப்பில் சமைப்பவர்கள் சன்னலைத் திறந்து வையுங்கள், ஈர விறகைத் தவிர்க்கவும். கைப்பிள்ளையை அடுப்படியில் வைத்துக்கொண்டு சமைக்க வேண்டாம்.

தண்ணீர் குடிப்பது: காட்டு வேலைக்குப் போகும் பல சகோதரிகள் ஒதுங்க இடம் இல்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீரை அடக்குகிறார்கள். பிறகு எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல். தண்ணீர் கொண்டு போங்கள், குடியுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒதுங்கப் போங்கள். வேலை நடக்கும் இடத்தில் மறைவிடம் வேண்டும் என்று குழுவாகச் சேர்ந்து கேளுங்கள்.

இருமல்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

பாடம் 5: மனசும் உடம்பில் ஒரு பாகம்தான்

தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் 181 பெண்கள் உதவி எண். கூட்டத்துக்கு வரும் சகோதரி திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால், தவணை கட்டினாளா என்று மட்டும் பார்க்காதீர்கள். முகத்தையும் பாருங்கள்.

சொல்கிறார்கள்... உண்மை என்ன?

"ஊசி போட்டால்தான் குணமாகும்." இல்லை. பல நோய்க்கு மாத்திரையே போதும். தேவையில்லாத ஊசியால் கெடுதல்தான்.

"மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கித் தினமும் போட்டால் தப்பில்லை." தப்பு. வலி மாத்திரையை நாள்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும்.

"சர்க்கரை மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும்." கட்டுப்படாத சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கும்.

"நெஞ்சு அடைக்குது, வாயுவாத்தான் இருக்கும்." இருக்கலாம். ஆனால் வியர்வை, மூச்சுத்திணறல், தாடை, முதுகு அல்லது கையில் வலி சேர்ந்து வந்தால் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம்.

உடனே 108

வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தூக்க முடியாமல் போதல், பேச்சு குழறுதல். இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் பக்கவாதம் என்று நினைத்து உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக் கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும். எல்லாருக்கும் அது பொருந்தாது, மருத்துவர் ஸ்கேன் பார்த்து முடிவு செய்வார். வாயில் தண்ணீரோ, காப்பியோ, மாத்திரையோ கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். மந்திரிப்பதற்கு நேரம் இல்லை.

கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வலிப்பு, கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகம் கை வீக்கம் இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

குழு என்ன செய்யலாம்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள். அவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள்தான். இந்த வேலை பெண்களால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உங்கள் ஊருக்கு யார் வருகிறார், எந்த நாளில் வருகிறார் என்று துணை சுகாதார நிலையத்தில் கேட்டு வையுங்கள்.

குழு செய்யக்கூடியவை:

1. உடல்நல நோட்டு ஒன்று போடுங்கள். உறுப்பினர் பெயர், பி.பி. பார்த்த தேதி, சர்க்கரை பார்த்த தேதி, ரத்தம் பார்த்த தேதி, கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைத் தேதி, அடுத்துப் போக வேண்டிய தேதி. இதில் தேதி மட்டும் எழுதுங்கள். முடிவை எழுத வேண்டாம். அது அவரவர் சொந்த விஷயம், அவரவர் சீட்டில் இருக்கட்டும். ஒருவர் நோயை இன்னொருவர் தெருவில் பேசினால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

2. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து ஒரே நாளில் போங்கள்.

3. மாத்திரை போடும் உறுப்பினருக்கு ஒரு துணைச் சகோதரி. "இன்னைக்குப் போட்டியா? தீர்ந்து போச்சா?" என்று கேட்பது அவர் பொறுப்பு.

4. கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம் எழுதும் முன், ஒருவர் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

5. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை எல்லார் வீட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். தகுதி இருந்தும் இல்லாதவர்களுக்கு எடுக்க உதவுங்கள். படுத்த பிறகு அட்டைக்கு அலையக்கூடாது.

தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதலாம்: "நமது குழுவில் 30 வயது நிரம்பிய அனைத்து உறுப்பினர்களும் இன்னும் இரண்டு மாதத்துக்குள் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகைப் பரிசோதனை செய்துகொள்வது என்றும், கூட்டத்துக்கு வராத உறுப்பினரை நேரில் பார்த்த பிறகே அபராதம் விதிப்பது என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. உங்கள் பி.பி. எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

2. நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார்? அவர் தட்டில் என்ன இருந்தது?

3. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் நம்மில் யாராவது உண்டா? ஏன் நிறுத்தினார்கள்? (திட்டாமல் கேளுங்கள்.)

4. கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போகத் தடையாக இருப்பது எது? அதை எப்படி நீக்கலாம்?

முதலில் சொன்ன அந்தக் குழுவுக்குத் திரும்ப வருவோம். அந்த அக்காவின் வீட்டுத் திண்ணையில்தான் இப்போது கூட்டம் நடக்கிறது. அவரால் நடந்து வர முடியாது என்பதால் குழு அங்கே போகிறது. எழுதியிருந்த இரண்டு அபராதத்தையும் அடித்துவிட்டு, பக்கத்தில் ஊக்குநர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாத்திரை போட்டாயா என்று எல்லாரிடமும் கேட்பது இப்போது அந்த அக்காதான். பேச்சு குழறினாலும் கேள்வி தெளிவாகப் புரிகிறது.

நம் குழுவில் சேமிப்பு தொடங்கிய நாளில், "வாரம் பத்து ரூபாயில என்ன ஆகப் போகுது?" என்று கேட்டவர்கள் உண்டு. சிறுகச் சிறுகச் சேர்ந்தது இன்று எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். உடம்பும் அப்படித்தான். ஒரு சிட்டிகை உப்பைக் குறைப்பது, ஒரு கைப்பிடி கீரை, ஒரு வேளை மாத்திரை, வருடத்துக்கு ஒரு பரிசோதனை. இதுவும் சேமிப்புதான் சகோதரிகளே. இன்றைய கூட்டம் முடிவதற்குள் எந்த நாளில் பரிசோதனைக்குப் போகிறீர்கள் என்று தேதி குறித்து விடுங்கள். அடுத்த முறை நாங்கள் வரும்போது கடன் பேரேட்டோடு உங்கள் உடல்நல நோட்டையும் கேட்போம்.